சுமக்கப் போகிறவளின் பக்கத்தில் யார்?

கேரளத்துப் பாலக்காடு மாவட்ட எல்லையில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி வட்டாரத்துக் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் என்னும் நம் பெண்கள் சேமிப்புக் குழுக்களில் இருக்கும் அக்கா தங்கைகளுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து சேமிப்பு நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, நம்மில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, “வாடகைத் தாயாகப் போவதென்றால் ஏஜெண்ட் வழியாகப் போவது நல்லதா அக்கா, நேரடியாகப் போவது நல்லதா?” என்று கேட்டாள். “ஏஜெண்ட் வேண்டவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, டீ டம்ளர்களை எடுக்க எழுந்துவிட்டேன். அப்படி எழுந்திருக்கக் கூடாது. ஒரு பெண்ணின் உடம்பு ஒன்பது மாதம் படப்போகிற பாட்டுக்கு அது பதிலே இல்லை. அவள் மடியில் மைக்ரோ பைனான்ஸ் தவணை அட்டை இருந்ததையும் நான் பார்த்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து யாரோ இங்கே நான்கைந்து பெண்களுக்குப் போன் செய்திருப்பதாகப் பிறகுதான் தெரிந்தது. அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

இரண்டு வழியையும் நான் பார்த்தவள். ஒன்றின் வாசல்வரை போய்த் திரும்பினேன். மற்றொன்றில் கடைசிவரை நடந்து, ஒரு பிள்ளையைப் பெற்று அதன் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதலில் அந்த வாசலைச் சொல்கிறேன். 2023-ல், தோப்பு வேலையும் தொழிலுறுதி (நூறுநாள்) வேலையும் ஒன்றாகக் குறைந்திருந்த மாதங்களில், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். மெத்தப் பரிவானவர். என் சின்ன மகளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே பேசினார். தானும் முன்பு கருமுட்டை கொடுத்தவர் என்றார். நான்கு லட்சம் ரூபாய் என்றார். கரு தங்கினால் இவ்வளவு, இதயத் துடிப்புக் கேட்டால் இவ்வளவு, ஏழாம் மாதம் இவ்வளவு, பிரசவத்தன்று மீதி. “எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” என்று கேட்டேன். “நல்ல காரியம் பேசும்போது ஏன் கண்ணு அந்தப் பேச்சு?” என்றார். அதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் வரவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து என்னையும், கோவிந்தாபுரத்துக்கு அப்பாலிருந்து வந்த இன்னொரு பெண்ணையும் நகரத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். பிரசவம்வரை அங்கேதான் இருக்க வேண்டுமாம். போனை ராத்திரி ஒரு மணி நேரம் தருவார்களாம். யாருடைய பிள்ளையைச் சுமக்கப் போகிறோம் என்று கேட்டதற்கு, “அது உனக்கு எதற்கு?” என்றார்கள். என்னுடன் வந்தவளுக்கு 38 வயது. ஆதாரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. என் முன்னால் வைத்த பேப்பரில் எல்லாம் ஆங்கிலம். அந்தத் தம்பதிக்கு நான் தூரத்து உறவு என்று அதில் எழுதியிருப்பதாக அங்கிருந்த ஒரு பையன் வாய்தவறிச் சொன்னான். தமிழில் வேண்டும் என்றேன். “எல்லாருக்கும் இதே பேப்பர்தான்” என்றார்கள். நான் கையெழுத்துப் போடாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். சட்டம் தெரிந்து செய்த காரியம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அன்று ஒரு சட்டமும் தெரியாது. படிக்க முடியாத காகிதத்தில் பெயர் எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். என்னுடன் வந்தவள் போட்டுவிட்டாள். அவள் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் ஊரைக்கூட நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

சட்டத்தைப் பிற்பாடு, பெரியம்மா மகளான என் அக்காவுக்காகப் பொள்ளாச்சியில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். வாடகைத் தாய்முறை ஒழுங்காற்றுச் சட்டம் 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணத்துக்காகச் சுமப்பதை அது முற்றிலும் தடை செய்கிறது. சுமக்கும் பெண்ணுக்கு மருத்துவச் செலவும், விதிகள் சொல்லும் பிற செலவும், காப்பீடும்தான். வாடகையே கிடையாது என்று சட்டம் சொல்லிவிட்ட பிறகும் ‘வாடகைத் தாய்’ என்ற பெயரை மட்டும் ஏன் விடாமல் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் உடம்பு கூசுகிறது. தரகர்களை வைத்துப் பெண்களைப் பிடிப்பவர்களுக்கு 10 ஆண்டுவரை சிறையும் 10 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. பணம் கொடுத்துச் சுமக்கச் சொல்லும் தம்பதிக்கு முதல் முறை 5 ஆண்டுவரை. சுமந்த பெண்ணைப் பற்றிச் சட்டம் வேறு மாதிரி நினைக்கிறது: கணவனோ, தம்பதியோ, உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வழக்கு என்று வந்தால், பணத்தை வாங்கிய நம் வீட்டு ஆளும் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். அந்த அம்மாள் இதைச் சொல்லவே இல்லை.

நம் ஊர் எல்லை இவர்களுக்கு மிகவும் வசதி. 2022-ல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். 16 வயதுச் சிறுமி. ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, கருமுட்டை எடுக்கத் திரும்பத் திரும்பக் கொண்டுபோயிருக்கிறார்கள். தமிழ்நாட்டு மருத்துவமனைகளோடு கேரளத்திலும் ஆந்திரத்திலும் உள்ள மருத்துவமனைகளும் அந்த விசாரணைக்குள் வந்தன. மூன்று மாநிலம், ஒரு குழந்தை! ஓர் ஊரில் கேள்வி கேட்டால் செக்போஸ்ட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். அந்தப் பக்கத்துப் போலீசுக்கு நாம் கேரளத்துக்காரர். இந்தப் பக்கத்துப் போலீசுக்கு அது தமிழ்நாட்டுச் சமாச்சாரம். ஏமாறுவது சுமக்கிற பெண் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். 2025 ஜூலையில் ஹைதராபாத் போலீஸ் பதிந்த வழக்கில், வாடகைத் தாய் பெற்றது என்று சொல்லி ஒரு தம்பதியிடம் பிள்ளையைக் கொடுத்திருக்கிறார்கள்; மரபணுச் சோதனையில் அது அவர்களுடைய பிள்ளையே இல்லை என்று தெரிந்தது. ஓர் ஏழைத் தாயிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்ட குழந்தை அது என்றது போலீஸ். நடுவில் ஆள் வைத்தால் இந்தக் கையில் யார் இருக்கிறார், அந்தக் கையில் யார் இருக்கிறார் என்று இருவருக்குமே தெரியாமல் போய்விடுகிறது.

ஏஜென்சியா நேரடியா என்ற கேள்வி உண்மையான கேள்வியாக இருக்கிற ஊர்களும் உண்டு. அமெரிக்காவில் சில மாநிலங்களில் சுமக்கும் பெண்ணுக்குப் பணம் கொடுப்பது சட்டப்படி செல்லும். அங்கே ஏஜென்சி பெண்ணைத் தேடும், பரிசோதிக்கும், சண்டை வந்தால் பேசித் தீர்க்கும். அதற்குத் தனிக் கட்டணம். நேரடியாகப் போனால் அந்தக் கட்டணம் மிச்சம், தம்பதியை நன்றாக அறிந்துகொள்ளலாம், ஆனால் எல்லாப் பொறுப்பும் இரு குடும்பத்தின் தலையில். நியூயார்க்கில் இதை அனுமதிக்கும் சட்டம் 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது ஏஜென்சிகள் அரசிடம் உரிமம் பெற வேண்டும் என்றார்கள். கலிபோர்னியாவில் எந்த வழியில் போனாலும் தம்பதிக்கு ஒரு வக்கீல், சுமக்கும் பெண்ணுக்கு வேறொரு வக்கீல் என்று தனித்தனியாக இருந்தாக வேண்டும். வக்கீல் அம்மா இதைச் சொன்னபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பணத்தைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. அவளுக்கென்று ஒரு ஆள்! நம் சட்டம் தரகரை விரட்டியது சரி. அவர் போன இடத்தில் நம் பக்கம் பேச யாரையும் உட்கார வைக்கவில்லை. சுமப்பவளுக்கு நியாயமான ஈட்டுத்தொகை தர வேண்டும் என்று 2017-லேயே நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது, அதையும் ஏற்கவில்லை. இலவசமாகச் சுமக்கச் சொல்வது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த அநியாயத்தைக் காட்டி ஏஜெண்ட் நீட்டுகிற பணம் நம்மைக் காப்பாற்றாது. எழுத்தில் இல்லாத பணத்தைத் தராமல் ஏமாற்றினால் எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பீர்கள்?

சரி, நேரடி வழி. இதை நான் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அதுவும் ஏமாற்று வேலை.

நான் சொன்ன அந்த அக்காவுக்கு, என் பெரியம்மா மகளுக்கு, முதல் பிரசவத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. இரத்தப்போக்கு நிற்காமல் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது 29 வயது. சினைப்பை இருந்தது, கருமுட்டை இருந்தது. சுமக்க இடம்தான் இல்லை. 2024 தொடக்கத்தில் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னை ஐந்து வயதுவரை வளர்த்தவர் அவர். ஏஜெண்டிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடலாம். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு எந்த பஸ் ஏறுவது? சரி என்றேன். என் கணவரும் சரி என்றார். அந்தச் ‘சரி’ என் வாயிலிருந்து வந்ததா, பெரியம்மாவின் கண்ணீரிலிருந்து வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

அதைப் பிரித்துப் பார்க்க உதவியவர் மருத்துவமனையில் இருந்த மனநல ஆலோசகர். சுமக்கும் பெண்ணுக்கு உடல்தகுதிச் சான்றோடு மனத்தகுதிச் சான்றும் சட்டப்படி வேண்டும். அவர் என் கணவரையும் அக்காவையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் தமிழில் கேட்டார்: “நீங்கள் இப்போது வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?” நான் அழுதுவிட்டேன். ஒரு வாரம் கேட்டேன். கருவை வைக்கும் நிமிடம்வரை சம்மதத்தைத் திரும்பப் பெற எனக்கு உரிமை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஒரு வாரத்தில் யாரும் எனக்குப் போன் செய்யக் கூடாது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அதைக் காப்பாற்றினாள். எட்டாம் நாள் நானே போன் செய்து வருகிறேன் என்றேன். அதனால்தான் கடைசிவரை என்னால் அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடிந்தது, அணைத்துக்கொள்ளவும் முடிந்தது.

காகித வேலை நான்கு மாதம் இழுத்தது. அக்காவுக்குக் கருப்பை இல்லை என்று மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று. நான் திருமணமானவள், எனக்கு என் பிள்ளை உண்டு, என் வயது 25-க்கும் 35-க்கும் இடையில் என்பதற்குச் சான்றுகள். பிறக்கப் போகும் பிள்ளை அவர்களுடையது என்று முதல்வகுப்பு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) தரும் ஆணை. அதற்கான மனுவில் தம்பதியோடு நானும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ரேஷன் அட்டை மலையாளத்தில் இருந்ததால் அதை மொழிபெயர்த்து நோட்டரியிடம் முத்திரை வாங்குவதற்கே இரண்டு நாள் கூலி போயிற்று. சம்மதப் படிவம் இங்கேயும் ஆங்கிலத்தில்தான் வந்தது. ஆனால் இந்த முறை எனக்குச் சட்டம் தெரியும்: சுமப்பவளுக்குப் புரிகிற மொழியில், பக்கவிளைவுகளை எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகுதான் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். தமிழில் வரும்வரை காத்திருக்கிறேன் என்றேன். ஒரு நர்ஸ் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லி, நான் கேட்ட இடங்களை ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கேரளத்தில் 1969-ன் ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு இடம் கொடுத்திருக்கிறது. பஞ்சாயத்தில் கேட்கிற அந்த உரிமையை ஆஸ்பத்திரியில் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்?

முதல் முறை கரு தங்கவில்லை. சட்டப்படி மூன்று முயற்சிவரைதான், இரண்டாவதில் தங்கியது. ஒரே ஒரு கருவைத்தான் வைத்தார்கள். விசேஷக் காரணம் இருந்தால் தவிர ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. இரட்டை பிறந்தால் நல்லதுதானே என்று அக்கா கணவர் கேட்டபோது டாக்டர் அவரைக் கடிந்துகொண்டார். தினம் ஓர் ஊசி இடுப்பில். எண்ணெய் மருந்து என்பதால் கட்டி கட்டியாக வீங்கி, உட்கார முடியாது. எட்டாம் மாதத்தில் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறியது. இப்படி வைக்கும் கருவில் அது கூடுதலாக வரும் என்று படிவத்தை வாசித்த அன்றே அந்த நர்ஸ் சொல்லியிருந்ததால் நான் பயந்துவிடவில்லை. பெண் குழந்தை அறுவை செய்து பிறந்தது. அக்கா அவளை வாங்கிக்கொண்டபோது எனக்கு அழுகை வரவில்லை. நான்காம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகியபோதுதான் வந்தது. அதற்கு எந்தப் படிவமும் என்னைத் தயார் செய்யவில்லை.

சண்டை வந்தது காப்பீட்டில். பிரசவத்துக்குப் பின் வரும் சிக்கல்களுக்கும் சேர்த்து 36 மாதக் காப்பீடு என் பெயரில் எடுக்க வேண்டும். அக்கா கணவர் எடுத்தது ஒரு வருடத்துக்கானது. புதுப்பித்துக்கொள்ளலாம் என்றாராம் விற்றவர். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் யாரும் புதுப்பிக்கவில்லை. எனக்கோ கொதிப்பு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. கேட்டால் பணம் கேட்கிறாள் என்று ஆகிவிடுமே என்று ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் கணவர் கேட்டார், பெரியம்மாவின் முகம் மாறியது, பிறகு மருமகனைக் கூப்பிட்டுத் திட்டி, அவர்தான் பணம் கட்ட வைத்தார். உறவில் நேரடியாகப் போகிறவளுக்கு வரும் கஷ்டம் இது. உரிமையைக் கேட்டால் உறவு கசக்கும் என்ற பயத்தில் நாம் கேட்பதே இல்லை.

அதனால் தங்கையே, நீ கேட்ட கேள்விக்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். ஏஜெண்ட் வழி கூடாது. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. கடன் அடைக்கத்தான் போக நினைக்கிறாய் என்றால் நேரடி வழியும் உனக்கு உதவாது, ஏனென்றால் அதில் பணமே இல்லை. அந்தக் கடனை நம் கூட்டத்தில் வேறு விதமாகப் பேசித் தீர்ப்போம். உன் மனதார யாருக்காவது சுமக்க நினைத்தால், ஆயுளில் ஒரு முறைதான் சட்டம் விடுகிறது. ஆளைப் பார்த்து, அவர்கள் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட்டுவிட்டு முடிவு செய். பதிவு பெற்ற மருத்துவமனையா என்று பார். காப்பீட்டின் அசல் பத்திரம் உன் டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும், 36 மாதத்துக்கும் சேர்த்து. செலவுக்கும், உடல்நலக் கேட்டுக்கும், உயிருக்கே ஏதாவது ஆனாலும் ஈடு தருவதாகத் தம்பதி நடுவர் முன்னோ நோட்டரி முன்னோ சத்தியப் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதன் நகலையும் வாங்கிக்கொள். கருவைக் கலைக்கச் சொல்லி யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. உன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அது நடக்காது.

கூட்டத் தலைவியர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆள் தேடிக் கொடுக்கும் வேலை நமக்கு வேண்டாம். அப்படிச் செய்தால் நாமும் தரகர்தான். ஆனால் நம்மில் ஒருத்தி இந்த வழியில் போக முடிவெடுத்தால், படிவம் வாசிக்கும் நாளில் அவளுடைய வீட்டாராக இல்லாத, தம்பதியின் உறவாகவும் இல்லாத ஒருத்தி நம் கூட்டத்திலிருந்து கூடப் போகட்டும். பஸ் செலவைக் கூட்ட நிதியிலிருந்து கொடுப்போம். முதல் ஆளாக நான் வருகிறேன். போன் செய்கிற ஏஜெண்டின் எண்ணை அழித்துவிடாமல் குறித்து வையுங்கள். யார் வேண்டுமானாலும் இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த உரிய அதிகாரியிடம் எழுத்தில் புகார் அறிவிப்புக் கொடுக்கலாம். 15 நாளுக்குப் பிறகும் நடவடிக்கை இல்லையென்றால் நீதிமன்றம் போகவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தப் புகாரைத் தமிழில் எழுத நான் உட்காருகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். என்னிடம் கேள்வி கேட்டவளும் வருவாள். சேமிப்பு எண்ணி முடித்த பிறகு அவளைப் பின்பக்கத் திண்ணைக்குத் தனியாகக் கூட்டிப் போய், வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் கேட்கப் போகிறேன். அவள் சொல்லி முடிக்கிறவரை தயவுசெய்து யாரும் பின்பக்கம் வர வேண்டாம்.

உங்களில் ஒருத்தி,
கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே